ஸ்காட்லாந்தின் கருத்த ஏலைச் சுவைத்து மார்க் போடுவது எப்படி?

ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு ஊற்றி, நாலு வாய் குடித்துவிட்டு, "இனிப்பு தூக்கல், 5க்கு 3" என்று எழுதிவிடுவதுதான் இந்த வகை ஏலுக்குப் பெரும்பாலும் நடக்கிறது. 'வீ ஹெவி' என்ற இந்த ஸ்காட்லாந்து ஏல் (ஏல் என்பது பீரில் ஒரு வகை) அப்படிக் குடிக்கிற பீர் இல்லை. மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, நம்பியே நிற்கும் பானம் இது, அதைப் படிக்க நேரம் கொடுக்க வேண்டும். நான் பின்பற்றுகிற முறையை அப்படியே எழுதுகிறேன். பாட்டில் திறப்பது, ஊற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

முதலில் எதை வாங்குவது? என் தேர்வு ட்ரக்வேர் ஹவுஸ் ஏல், ஆல்கஹால் 7.2%. ஸ்காட்லாந்தின் தெற்கே, பார்டர்ஸ் பகுதியில் இன்னர்லீதன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய மாளிகை ட்ரக்வேர். அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த பீர் ஆலையை, அந்த வீட்டின் 20-வது பிரபுவான பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் 1965-ல் மறுபடி ஓடவைத்தார். இன்றைக்கும் ஓக் மரத் தொட்டிகளில்தான் நொதிக்கவிடுகிறார்கள். அது கிடைக்காவிட்டால் பெல்ஹேவன் வீ ஹெவி (6.5%) அல்லது ஆர்க்னி தீவிலிருந்து வரும் ஸ்கல் ஸ்ப்ளிட்டர் (8.5%) வாங்கலாம். ட்ரக்வேரின் இன்னொரு ஏலான ஜேக்கபைட் அருமையானது. ஆனால் அதில் கொத்தமல்லி விதை சேர்க்கிறார்கள். நம் மூக்கு அந்த வாசத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டு மால்ட்டை விட்டுவிடும், அதனால் ஆரம்பத்தில் வேண்டாம்.

லேபிளில் 70 ஷில்லிங், 80 ஷில்லிங் என்று இருந்தால் அது வேறு ரகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீப்பாய் விலையை வைத்து வந்த பெயர்கள் அவை. அவற்றில் ஆல்கஹால் குறைவு, வாயில் உணரும் கனமும் குறைவு. வீ ஹெவிக்கு வைத்திருக்கும் அளவுகோலை அதற்கு வைத்து மார்க் குறைத்தால் அநியாயம்.

கண்ணாடிக் குவளைக்கு வாய் குறுகிய ட்யூலிப் பூ வடிவம் போதும். வாய் அகன்ற பெரிய பைன்ட் கிளாஸ் வேண்டவே வேண்டாம், வாசம் நிற்காமல் போய்விடும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள்.

இப்போது எல்லோரும் தடுக்கி விழுகிற இடத்துக்கு வருவோம்: சூடு. இந்த ஏலுக்குச் சரியான சூடு 10 முதல் 13 டிகிரி செல்சியஸ். ஃப்ரிட்ஜுக்குள் இருப்பது 4 டிகிரி சுமாருக்கு. அந்தக் குளிரில் வாசம் தரும் சேர்மங்கள் மேலே எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும், வெறும் கனமான ஈரம்தான் மிஞ்சும். பாட்டிலை வெளியே எடுத்து அரை மணி முதல் முக்கால் மணி வரை வையுங்கள். சென்னை மாதிரி ஊரில் கோடையில் கால் மணிகூட அதிகம்தான். நேரத்தை நம்பாமல், முனையைத் திரவத்துக்குள் விடும் சமையலறை தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் வகை இதற்கு உதவாது, அது கண்ணாடியின் மேல்பரப்பைத்தான் அளக்கும். நான் 8, 12, 16 டிகிரியில் மூன்று தடவை சுவைப்பேன். 8-ல் வறுவல் வாசம் மட்டும் தெரியும். 12-ல் பழமும் பாகும் திறக்கும். 16-ல் ஆல்கஹால் மூக்கில் குத்துகிறதா, இதமாக நெஞ்சில் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். நல்ல வீ ஹெவி 16-லும் குத்தாது.

நிறம் பார்ப்பது ஒரு நிமிட வேலை. வெள்ளைத் தாளுக்கு முன்னால் சாய்த்துப் பிடியுங்கள். செம்பு நிறத்திலிருந்து ஆழ்ந்த பழுப்பு வரை இருக்கலாம், ஓரத்தில் சிவப்பு மின்ன வேண்டும். ஒளியே புகாத கறுப்பு என்றால் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் பக்கம் போய்விட்டது என்று அர்த்தம்.

அப்புறம் வாசம். ஊற்றிய உடனே ஒரு முறை, பிறகு உள்ளங்கையால் கண்ணாடியின் வாயை மூடிச் சுழற்றித் திறந்து இன்னொரு முறை. நீளமாக இழுக்காமல் குட்டிக் குட்டியாக முகருங்கள். குடிப்பதற்கு முன்பே நோட்டில் எழுதிவிட வேண்டும், குடித்த பிறகு நாக்கு சொல்வதை மூக்கு ஒப்பிக்க ஆரம்பித்துவிடும். "டாஃபி, ட்ரீக்கிள்" என்று எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. உங்களுக்குக் கருப்பட்டிப் பாகு, உலர்திராட்சை, பேரீச்சம்பழம், கருக வறுத்த ரொட்டி ஓரம் என்று தோன்றினால் அதையே எழுதுங்கள். நாளைக்குப் படித்தால் உங்களுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

புகை வாசம் இல்லையே என்று மார்க் குறைக்காதீர்கள். சில விஸ்கிகளில் வரும் பீட் (சதுப்பு நிலக் கரி) புகை இந்த ஏலின் மரபில் கிடையாது. வறுத்த தானியத்தால் மெலிதாக மண்வாசம் போல ஒன்று வரலாம். பீட் புகைபோட்ட மால்ட்டை அள்ளிச் சேர்ப்பது அமெரிக்கச் சிறு பீர் ஆலைகள் சில பிடித்துக்கொண்ட பழக்கம்.

சரி, இப்போது குடிக்கலாம். இங்கேதான் "இனிப்பு" என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். சர்க்கரையின் இனிப்பு வேறு, மால்ட்டின் செழுமை வேறு. பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் எடுங்கள். அப்போது தெரிவது இனிப்பு, கசப்பு, கனம் மட்டும்தான். விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள், வாயை மூடியபடி மூச்சை வெளியே விடுங்கள். ரொட்டி, கொட்டை, பாகு, திராட்சை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். அதுதான் மால்ட். மூக்கைப் பிடித்திருக்கும்போது தித்தித்து, விட்ட பிறகும் ஒன்றும் வராவிட்டால் அது வெறும் இனிப்பு ஏல், தாராளமாகக் குறைக்கலாம். கடைசியில் வறுத்த பார்லியின் மெல்லிய வறட்சி வந்து தித்திப்பை முடித்துவைக்கிறதா என்றும் பாருங்கள். ட்ரக்வேரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஈர அட்டைப்பெட்டி வாசம் வந்தால் காற்றுப் பட்டுக் கெட்டிருக்கிறது. வெண்ணெய் வாசம் தூக்கலாக இருந்தால் நொதிப்பு சரியாக முடியவில்லை. வருஷக்கணக்கில் வைத்த பாட்டிலில் ஷெர்ரி ஒயினின் சாயல் வந்தால் குறையாக எண்ண வேண்டாம், எனக்கு அது பிடிக்கும்.

மார்க்குக்கு நட்சத்திரத்தைவிட, பீர் நடுவர்கள் பயன்படுத்தும் 50 மார்க் தாளைத்தான் சிபாரிசு செய்வேன். வாசம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் உணரும் கனம் 5, மொத்த அனுபவம் 10. சுவைக்குத் தோற்றத்தைப்போல ஏழு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, அந்தக் கணக்கே நம்மை எங்கே கவனிக்க வேண்டும் என்று பழக்கிவிடும். ட்ரக்வேருக்கு என் தாள்: 10, 3, 17, 4, 8. மொத்தம் 42. 38-க்கு மேல் போனாலே மிகச் சிறந்த வரிசை. உங்கள் தாளை முடிக்கும்வரை பீருக்கு மார்க் போடும் செயலியில் மற்றவர்கள் போட்டதைத் திறந்து பார்க்காதீர்கள்.

பின்சேர்க்கை: நுரை சட்டென்று அடங்கிவிட்டது என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருந்தால் அப்படி ஆகும். வெந்நீரில் நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து வைத்து உலர்த்துங்கள். அதன்பிறகும் நுரை குறைவாக இருந்தால் கவலை வேண்டாம், இந்த ஏலில் வாயு குறைவுதான். காரச் சாப்பாட்டுக்குப் பிறகு சுவைத்ததாக ஒருவர் சொன்னார், அன்றைக்குப் போட்ட மார்க்கை அழித்துவிடுங்கள். இடையில் கடிக்க வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதும்.

330 மில்லி பாட்டிலை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வது நல்லது. பிரிட்டன் கணக்கில் அந்த ஒரு பாட்டிலிலேயே சுமார் 2.4 யூனிட் (ஒரு யூனிட் 10 மில்லி சுத்த ஆல்கஹால்) இருக்கிறது. ஸ்காட்லாந்தில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் அன்று வண்டி எடுக்கவே வேண்டாம். 2014 டிசம்பரிலிருந்து அங்கே 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் வரம்பு, இங்கிலாந்தில் இருக்கும் 80-ஐவிடக் குறைவு.