நுவரெலியாவில் புகைப்படக் கண்காட்சி: ஒரு நாள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனிலிருந்தோ கண்டியிலிருந்தோ கண்காட்சிக்கென்று கிளம்புகிறவர்கள் நுவரெலியாவில் இறங்கியதும் கிரகரி வாவிக்குப் போய்விடுகிறார்கள். படகு, குதிரை, அவித்த சோளம், பிறகு விக்டோரியா பூங்கா. மண்டபத்துக்கு வந்து சேரும்போது மணி மூன்றைத் தாண்டியிருக்கும், கால் ஓய்ந்திருக்கும், மழைக்கு ஒதுங்கியவர்களும் உள்ளே நிறைந்திருப்பார்கள். பகல் சாய்ந்து மூடுபனி இறங்கினால், ஜன்னல் வெளிச்சத்தை நம்பிய மண்டபத்தில் படங்களே மங்கிவிடும். கண்காட்சியைக் காலையில் முடியுங்கள். வாவி எங்கும் ஓடிவிடாது.

ஊரின் அமைப்பும் ஏமாற்றும். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் தங்கள் ஓய்வுக்கென்று வகுத்த நகரம் இது. கோல்ஃப் மைதானம், பந்தயத் திடல், பூங்கா என்று பெரிய வெளிகளை விட்டே கட்டினார்கள். வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் இடத்துக்கு நடந்தால் சுற்றித்தான் போக வேண்டும். ரயிலில் வந்தால் இறங்குவது நானுஓயாவில், அங்கிருந்து நகரத்துக்கு சுமார் 8 கிலோமீட்டர். ஹட்டன்காரர்களுக்குத் தலவாக்கலை வழி பஸ்ஸே மேல். மழை நாட்களில் மண்சரிவால் பாதை மூடியிருக்கிறதா என்று முதல்நாளே விசாரியுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் மண்டபம் திறக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஏப்ரல் சீசனில் சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம்.

உள்ளே நடக்கும் பெரிய தவறு, எல்லாப் படத்தையும் ஒரே தூரத்தில் நின்று பார்ப்பது. படத்தின் மூலைவிட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்பது நல்ல கணக்கு. 12க்கு 18 அங்குலப் படத்துக்கு மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு, 24க்கு 36 அங்குலத்துக்கு ஐந்தரை அடி. முழுப் படமும் கண்ணில் அடங்கிய பிறகு, நுணுக்கம் பார்க்கக் கிட்டப் போகலாம். கண்ணாடிச் சட்டத்தில் உங்கள் வெள்ளைச் சட்டையே தெரிந்தால் ஓரடி பக்கவாட்டில் நகருங்கள். கடுநிற ஸ்வெட்டர் போட்டு வந்தவருக்கு இந்தத் தொல்லை குறைவு. பழைய அச்சுகள் இருக்கும் அறை மங்கலாக இருந்தால் குறை சொல்லாதீர்கள். வெளிச்சம் பட்டால் அவை வெளிறும் என்பதால் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் விளக்கு வைப்பார்கள். சில நிமிடத்தில் கண் பழகிவிடும். ஃபிளாஷ் அடிப்பதும் கூடாது. அடித்தாலும் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டுதான் விழும்.

வெளிக் குளிரிலிருந்து ஆட்கள் நிறைந்த அறைக்குள் வந்ததும் கேமராவை எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடி கால் மணி நேரம் விடுங்கள். துணியால் தேய்த்தால் மறுபடியும்தான் படியும்.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் இல்லாத மலையகக் கண்காட்சி அரிது. அழகைப் பார்த்துவிட்டு நகராமல் குறிப்பை வாசியுங்கள். அவர் பெயர் இருக்கிறதா, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு? 'தேயிலைத் தொழிலாளி' என்று மட்டும் இருந்தால், படம் எடுத்தவர் எவ்வளவு நேரம் அங்கே நின்றார் என்பது ஓரளவு விளங்கும்.

இதே நாளில் பொகவந்தலாவையையும் சேர்ப்பது கடைசித் தவறு. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் இறந்த ஒளிப்பட முன்னோடி ஜூலியா மார்கரெட் கமரன் அங்குள்ள புனித மரியாள் ஆலய வளவில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். போக வேண்டிய இடம்தான். ஆனால் நுவரெலியாவிலிருந்து ஹட்டன் வழி சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். இன்னொரு நாள் ஹட்டனிலிருந்து காலை பஸ்ஸில் போங்கள்.