கரி அடுப்பில் சூடு இறங்காமல் இருக்க

மூடி போட்ட கரி அடுப்பில் 110 டிகிரி செல்சியஸில் இறைச்சியை மெதுவாக வேகவைக்கும்போது முதல் சில மணி நேரம் எல்லாம் சரியாகவே போகும். அப்புறம் சூடு இறங்கும். காற்று உள்ளே போகும் கீழ்த் துளையை முழுசாகத் திறந்தாலும் ஏறாது. கரி தீரவில்லை. குனிந்து பார்த்தால், சாம்பல் சரிந்து துளையின் வாயை அடைத்திருந்தது. இப்போது அவ்வப்போது சாம்பல் தள்ளும் கைப்பிடியை மெல்ல அசைத்துவிடுகிறேன். வேகமாக ஆட்டினால் சாம்பல் பறந்து இறைச்சியில் ஒட்டிக்கொள்ளும். கரியைக் குவிக்காமல் ஓரமாக வளைத்து அடுக்கி, ஒரு முனையில் மட்டும் பற்றவைக்கிறேன். மேல் துளை திறந்தே இருக்கும். கீழ்த் துளையை நூலளவு நகர்த்தினால் கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும், அதற்குள் மறுபடி கை வைக்கக் கூடாது. மூடியில் பதித்த வெப்பமானியை நான் நம்புவதில்லை. இறைச்சி இருக்கும் கம்பித்தட்டின் மட்டத்திலேயே தனியாக ஒன்று வைத்துவிட்டேன்.