மண்வெட்டிகளுக்கு நடுவே போய் நிற்பதற்கு முன்

முப்பத்தொரு வருஷம் லஸ்கராக வேலை பார்த்தேன். காவிரி டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மதகுகளில் ஷட்டரை ஏற்றி இறக்குகிற ஆளுக்கு இங்கே லஸ்கர் என்று பெயர். வெண்ணாற்றுப் பக்கம் ஒரு வாய்க்காலில் பதினொரு ஊருக்குத் தண்ணீர் என் கையால்தான் போனது. தண்ணீர் போன வழியெல்லாம் சண்டையும் போனது. ஓய்வு பெற்ற பிறகு நாலைந்து பேர் சேர்ந்துகொண்டு, தண்ணீர்த் தகராறு, சாமி ஊர்வலத் தகராறு என்று எங்கே சேதி வந்தாலும் சமாதானம் பேசப் போகிறோம். கூட வர விரும்புகிற இளவட்டங்கள் முதலில் கேட்பது, "எப்படிண்ணே கோவமே வராம இருக்கீங்க?" என்பதுதான். எனக்குக் கோபம் வராது என்று யார் சொன்னது?

2012இல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூரை அந்த வருஷம் செப்டம்பர் 17இல்தான் திறந்தார்கள். குறுவைச் சாகுபடி போயே போச்சு. சம்பாவுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டோம். ஒருநாள் நடுராத்திரி, வாய்க்கால் முடிகிற கடைமடை ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து, "இன்னிக்கு எங்க முறை, ஏன் எறக்கி வெச்சிருக்கே?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இரண்டு ராத்திரி தூங்காத எரிச்சலில் நான், "உங்க ஊர்ல வெளஞ்சுதான் நாடு சாப்பிடப் போவுதா?" என்றேன். கரையில் நின்ற தலைமடைக்காரர்கள், அதாவது முதலில் தண்ணீர் பாய்கிற ஊர்க்காரர்கள், சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு யார் முதலில் மண்வெட்டியைத் தூக்கினார்கள் என்று இன்றுவரை தகராறு இருக்கிறது. பத்தொன்பது வயசுப் பையன் ஒருவனுக்கு மண்டையில் ஆறு தையல். வழக்கில் என் பெயர் வரவில்லை. எனக்குத் தெரியுமே, காம்பைப் பிடித்த கை வேறு யாருடையதோ, அதை ஓங்க வைத்த வாய் என்னுடையது.

அதற்கப்புறம் பழகியதைத்தான் சொல்கிறேன். சாமியார் வித்தை ஒன்றும் இல்லை.

முதலில், உங்கள் கோபத்துக்கு ஓர் அளவுகோல் நட்டுக்கொள்ளுங்கள். மதகுச் சுவரில் அடிக்கணக்குப் போட்டு வைத்திருப்போம். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொட்டால் ஷட்டரை ஏற்ற வேண்டும் என்று தெரியும். உடம்பிலும் அப்படிக் கோடு உண்டு. எனக்கு முதலில் காது சூடாகும், பிறகு கை தானாகத் தோள் துண்டை உருவும். துண்டு கைக்கு வந்துவிட்டால் அடுத்தது வசவுதான். உங்களுக்கு எது என்று வீட்டில் கேளுங்கள், நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். என் மனைவி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

காது சூடானதும் நான் செய்வது ஒன்றுதான். மூச்சை நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விடுவது. வெளியே விடுகிற மூச்சு நீளமானால் நெஞ்சுப் படபடப்பு குறையும். ஐந்து தடவை போதும், எதிரே நிற்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் சண்டை நடுவில் முதன்முதலாகச் செய்து பார்த்தால் வராது. தினம் விடியற்காலையில் கால் மணி நேரம் மதகு மேல் உட்கார்ந்து பழகினேன். ஷட்டருக்கு அடியில் தண்ணீர் பீறிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பேன், அவ்வளவுதான். நினைப்பு வரும், வரட்டும். ஆற்றை யாரும் அடைத்து வைக்க முடியாது. அடைத்தால் கரை உடையும். கொஞ்சம் கொஞ்சமாக விடத்தான் மதகு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நாள் போல ஆகிறது. மனசு மட்டும் உட்கார்ந்த அன்றே தெளிய வேண்டும் என்றால் எப்படி?

வாரம் ஒரு வேளை பேசாமல் இருந்து பாருங்கள். காந்தி திங்கள்கிழமை தோறும் மௌனம் இருந்தார். நான் ஒரு முழு நாள் இருக்கப் பார்த்தேன், மாட்டுத் தரகர் வந்து கெடுத்தார். இப்போது மதியம் வரைதான். பேசாமல் இருக்கிறபோதுதான், நாம் பேசுவதில் எவ்வளவு வெறும் பதிலடி என்று தெரிகிறது.

இதைவிடக் கஷ்டமானது நோட்டு. யார் மேல் ஆத்திரமோ அவர் பக்கத்து நியாயத்தை, அவரே படித்தால் "ஆமா, இதத்தான்யா சொன்னேன்" என்று ஒத்துக்கொள்கிற மாதிரி எழுத வேண்டும். அந்தக் கடைமடைக்காரர்களின் நியாயத்தை எழுதி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. எழுதிவிட்டு அவர்கள் ஊருக்கு சைக்கிளில் போய்க் காட்டினேன். ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்து, "வடிகால் அடைச்சுக் கெடக்குறத எழுதலியே தம்பி" என்றார். எனக்கு அது தெரியவே தெரியாது. போய்ப் பார்த்தால் அரை மைலுக்கு ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும். தண்ணீர் வராதபோது காய்கிறார்கள், மழை வந்தால் முழுகுகிறார்கள்.

ஆகவே சமாதானம் பேசுவதற்கு முன் எதிராளி வயலைப் பாருங்கள். தலைமடைக்காரரை பைக்கில் ஏற்றிக் கடைமடைக்குக் கூட்டிப்போவதே எங்கள் வேலையில் பாதி. இதைப் பெரிய அளவிலும் செய்திருக்கிறார்கள். 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துப் பேராசிரியர் ஜனகராஜன் முயற்சியில் தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டு மாநில விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்' என்று கூடி, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போய்ப் பார்த்தார்கள். காவிரித் தண்ணீர் வழக்கு அதனால் தீரவில்லை. 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போனது. ஆனால் வயலைப் பார்த்தவன் பேசுகிற பேச்சு வேறு. 2016 செப்டம்பரில் காவிரித் தகராறில் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தபோது எங்கள் ஊர் வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எது நிஜம், எது பழசு என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் வைத்திருக்கிற சட்டம்: ஆத்திரம் வருகிற எதையும் ஒரு ராத்திரி தூங்கி எழாமல் அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அமைதி என்ற பெயரில் வாயை மூடிக்கொள்வதைக் கற்றுத்தரவில்லை. 1968 டிசம்பர் 25க்கு முன்னால் எங்கள் பக்கத்து மிராசுதார்களைக் கேட்டிருந்தால், கூலி கேட்காதவரை ஊர் அமைதி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அன்று ராத்திரி கீழ்வெண்மணியில், கூலி கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். அதற்குப் பிறகு இந்த மண்ணுக்கு வந்து தங்கிய காந்தியவாதித் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அழுதுவிட்டுப் போகவில்லை. 1981இல் உழுபவருக்கு நிலம் என்கிற லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கி, நிலத்தை விலைபேசி வாங்கி, உழுகிற தலித் பெண்கள் பெயரில் எழுதிக் கொடுக்க வைத்தார்கள். ஜெபமும் விரதமும் அவர்களிடம் இருந்தன; பத்திரமும் பட்டாவும் இருந்தன. உங்கள் தியானம் உங்களை எந்தத் தாலுகா ஆபீசுக்கும் எந்தத் தெருவுக்கும் அனுப்பவில்லை என்றால், நல்ல தூக்கம் வரும், அதோடு சரி.

எல்லோராலும் நடுவில் போய் நிற்க முடியாது, நிற்கவும் வேண்டாம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, நடப்பவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் மிரட்டினார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டிவிட்டுப் போனார்கள். அதுவும் வேலைதான்.

கடைசியாக, கூட்டத்தை எங்கே போடுவது. இதில் நாங்கள் நிறையத் தடுக்கி விழுந்தோம். கோயில் மண்டபத்தில் போட்டால் சிலர் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். பெரிய வீட்டுத் திண்ணையில் போட்டால் டீ யாருக்கு எந்த டம்ளரில் வருகிறது என்று பார்க்கவே ஒரு ஆள் வேண்டும். இப்போது மாதம் ஒருமுறை மதகு மேலேயே கூடுகிறோம். சுவர் ஒரே உயரம், எல்லோரும் காலைத் தொங்கப்போட்டு உட்காரலாம். முறை நோட்டை எழுதுவது, மண்டையில் ஆறு தையல் வாங்கிய அந்தப் பையன். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள். இன்னும் என்னை அண்ணன் என்று கூப்பிடுவதில்லை, "லஸ்கரே" என்றுதான். சாயங்காலம் வருகிறவர்கள் டார்ச் கொண்டு வாருங்கள். ஷட்டர் இடுக்கில் பாம்பு படுத்திருக்கும், அடித்துப் பார்த்துவிட்டு உட்காருங்கள். டார்ச்சைச் சொன்னேன், பாம்பை இல்லை.