எண்ணூர் கழிமுகத்தைக் காக்கும் வேலையில் இறங்குவது எப்படி?

பட்டம் வாங்கிவிட்டுத்தான் இதற்கு வரவேண்டும் என்றில்லை. முதலில் தண்ணீரில் இறங்குங்கள். இடுப்பளவு நீரில், பறியை (பிடித்ததைப் போடும் கூடை) பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் அக்காக்களோடு நாலு காலை போய் வந்தாலே, எங்கே சேற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கிறது, எங்கே காக்கா ஆழி என்னும் அயல்நாட்டுச் சிப்பி படிந்து இறாலை விரட்டியிருக்கிறது என்பது புரிந்துவிடும்.

பார்த்ததையெல்லாம் தேதி, ஜிபிஎஸ் புள்ளியோடு போட்டோ எடுத்து வையுங்கள், அந்த இடத்துக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரையும் சேர்த்து. அப்புறம் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில், 1996-ல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டலத் திட்ட வரைபடத்தைக் கேளுங்கள்; கழிமுகத்தின் எல்லை எதுவரை, எங்கே ஆக்கிரமிப்பு என்பதை அதை வைத்துத்தான் காட்ட முடியும். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் (வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்) மேல்முறையீடு. ஆக்கிரமிப்பை எதிர்த்துப் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் பிரச்சினை முளைத்ததிலிருந்து 6 மாதம்தான் கெடு, தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருப்பது நமக்கு வசதி.

சம்பளமா? ஆரம்பத்தில் கிடையாது. பிறகு ஆய்வுக் குழுக்களுக்குக் களப்பணியாளராகப் போகலாம், ஆனால் நாள்கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள், அக்காக்களுக்கும் சேர்த்து.