ஏரிக்கரை ஆலை நிலத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று செய்யக் கூடாதவை

ஓசூர் சுற்றுவட்டாரத்தில் ஏரிக்கரையிலோ தென்பெண்ணை ஓரத்திலோ பூட்டிக் கிடக்கும் பழைய பிளேட்டிங் பட்டறை (உலோகத்துக்கு முலாம் பூசும் ஆலை) கை மாறினால், முதலில் வந்து நிற்பது ஜேசிபிதான். மேல்மண்ணை வழித்துவிட்டு, நாலு லோடு கிராவல் கொட்டி மனை போட்டுவிடலாம் என்று கணக்கு. என்ன விஷம், எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பார்க்காமல் மண்ணில் கை வைப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் கிளைக்கின்றன.

கிராவல் போட்டு மூடினால் மழைநீர் மேலிருந்து இறங்குவது ஓரளவு குறையலாம். ஆனால் இது கரையோர நிலம். ஏரி நிறையும்போது நிலத்தடி நீர் கீழிருந்து ஏறி, அந்தக் கழிவு மண்ணை நனைக்கும். ஏரி வற்றும்போது கரைந்ததை இழுத்துக்கொண்டு இறங்கும். அதனால் கோடையில் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதித்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று முடிவு கட்டக் கூடாது. மழைக்கு முன் ஒருமுறை, ஏரி நிறைந்த பின் ஒருமுறை பார்க்க வேண்டும். போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) தேங்கிய தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். ஒரே போரோடு நிறுத்தவும் கூடாது. நம்முடையது கடும்பாறை பூமி. தண்ணீர் வெடிப்பு வழியாகத்தான் ஓடும். வேலிக்குப் பக்கத்துப் போர் தப்பித்து, தள்ளியிருக்கும் தோட்டத்துப் போர் கெட்டிருக்கலாம்.

சோதனைச் சீட்டைப் படிப்பதிலும் சறுக்குவார்கள். ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் உடனே ஆலை மேல் பழி போகும். தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஃப்ளூரைடு பாறையிலிருந்தே வருவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அதை வைத்து வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை மிச்சம். குரோமியம், நிக்கல், சயனைடு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், வழக்கமான குடிநீர்ச் சோதனையில் அவை இருக்காது. குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவில் குரோமியத்தின் மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

அடுத்தது, சுண்ணாம்பைக் கொட்டினால் விஷம் அடங்கிவிடும் என்ற சுண்ணாம்பு வைத்தியம். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் (தண்ணீரில் எளிதில் கரையும் நச்சு வகை) வெறும் சுண்ணாம்புக்கு அடங்காது. ஃபெரஸ் சல்ஃபேட் போன்ற ஒன்றால் அதை முதலில் மூன்று இணைதிறனுக்கு இறக்கிய பிறகுதான் சுண்ணாம்பு அதைப் படியவைக்கும். பழைய தொட்டிகளை ஆசிட் ஊற்றிக் கழுவுவது அதைவிட மோசம். அடியில் சயனைடு மிச்சம் இருந்தால் நச்சுவாயு கிளம்பும். நின்ற இடத்திலேயே ஆளைச் சாய்க்கும். இதில் விளையாட்டே வேண்டாம்.

தோண்டிய மண்ணைக் கைவிட்ட கல்குவாரிக் குழியில் கொட்டுவதுதான் என் கணக்கில் நம் மாவட்டத்தின் ஆகப் பெரிய தவறு. வெடி வைத்து விரிசல் விட்ட பாறை, விஷத்தை நேராக ஊற்றுக்குக் கொண்டுபோகும். அபாயக் கழிவு என்று உறுதியானால் தார்ப்பாய் மூடிய லாரியில், உரிய சீட்டோடு, கும்மிடிப்பூண்டி போன்ற அனுமதி பெற்ற கிடங்குக்குத்தான் போக வேண்டும். செலவு கூடத்தான். ஆனால் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை இருக்கிறது: 1990களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுமலை பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தது.

ஏரி வண்டலை மறந்துவிடாதீர்கள். ஆலைக் கழிவு இறங்கிய மூலையிலிருந்து வண்டல் அள்ளித் தக்காளித் தோட்டத்துக்கும் மாந்தோப்புக்கும் அடித்தால், சுத்தம் செய்ய வேண்டிய இடம் ஒன்றுக்குப் பத்தாகும். அந்த மூலையை மட்டுமாவது சோதனை முடியும்வரை விட்டுவைக்கலாம்.

மாசடைந்த இடங்களுக்கென்றே 2025 ஜூலையில் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிடும் பொறுப்பு உள்ளாட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் உண்டு. மாசுபடுத்தியவர்தான் செலவை ஏற்க வேண்டும். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும்போது சர்வே எண், ஆலை ஓடிய காலம், எந்த ஓடை வழியாகக் கழிவு ஏரிக்குப் போனது, எந்தெந்தப் போர் கெட்டது என்று எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.