நாவலின் முதல் படிக்கு நாள்தோறும் 200 சொற்கள்

நாவலின் முதல் படியை, அதாவது திருத்துவதற்கு முந்தைய முதல் வரைவை, எழுதத் தொடங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒரு நாளின் அளவை. டெமி என்னும் நூல் அளவில் அச்சாகும் தமிழ் நாவலின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 200 சொற்கள் அடங்கும். நாளுக்கு 200 சொற்கள் எழுதினால் 250 நாட்களில் 50,000 சொற்கள் சேர்ந்துவிடும். ஒரு நடுத்தர நாவலுக்கு அது தாராளம். ஆகவே ஆயிரம் சொற்கள் என்று குறி வைத்துச் சில நாட்களிலேயே சோர்ந்துபோவதைவிட, உடம்புக்கு முடியாத நாளிலும் எழுதி முடிக்கக்கூடிய இந்தச் சிறிய அளவை ஏற்றுக்கொள்வதே நல்லது. கை ஓடுகிற நாளில் கூடுதலாக எழுதலாம். ஆனால் அதை மறுநாள் கணக்கில் கழிக்கக் கூடாது.

எழுதும் நேரத்தை, வீட்டில் தவறாமல் நடக்கும் ஏதேனும் ஒரு காரியத்தை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். காலைக் காப்பி குடித்த கையோடு உட்காரலாம். கடை வைத்திருப்பவர் இரவு கணக்கு முடித்த பின் எழுதலாம். செங்கோட்டை பாசஞ்சரில் அன்றாடம் திருநெல்வேலிக்கு வேலைக்கு வருபவர், உட்கார இடம் கிடைத்தால், கைபேசியிலேயே அன்றைய பங்கை முடித்துவிடலாம். சித்திரை, வைகாசி வெயிலில் பிற்பகல் நேரத்தை நம்ப வேண்டாம்.

திருநெல்வேலிச் சீமையைக் களமாகக் கொண்டவருக்குக் கை நிற்கும் இடம் பெரும்பாலும் உரையாடல்தான். ஆற்றுப்பாசன ஊர்களின் பேச்சு வேறு, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பேச்சு வேறு, உடன்குடி, திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டுப் (செம்மணல் மேட்டுநிலம்) பேச்சு வேறு என்பதால், ஒரு பாத்திரம் ‘வாராவ’ என்று சொல்லுமா, ‘வர்றாக’ என்று சொல்லுமா என்ற ஐயத்திலேயே அரை மணி நேரம் கழிந்துவிடும். ஐயம் நியாயமானதுதான், அதைத் தீர்க்காமல் அச்சுக்குப் போகவும் கூடாது. ஆனால் அதைத் தீர்ப்பதற்குரிய வேளை முதல் படி எழுதும் வேளை அன்று. வாய்க்கு வந்த வடிவத்தை எழுதி, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி இட்டு, அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். பனையேறுபவரின் கருவிகள், கார், பிசானம் என்னும் இரு நெல் பருவங்களுக்கும் உரிய வேலைகள், யாரை யார் ‘மைனி’ என்றும் ‘அண்ணாச்சி’ என்றும் அழைப்பார்கள் என்பவை எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு நோட்டு வைத்து, வாரத்தில் ஒரு நாள் ஊரில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வெளிவந்தது. சொல் சேகரிப்பு தன்னளவிலேயே எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை அந்நூலைப் புரட்டிய எவரும் அறிவர். அந்த உழைப்பை 200 சொற்களுக்குரிய நேரத்தில் நுழைய விட்டால் இரண்டும் கெட்டுப்போகும்.

ஒரு காட்சி முடியும் இடத்தில் அன்றைய எழுத்தை நிறுத்தாமல், அடுத்து யார் என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்தி, அதை ஒரு வரியில் குறித்து வைப்பது மறுநாள் பெரிதும் உதவும். மறுநாள் கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்கலாம். முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்த் திருத்தத் தொடங்கியவர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள் என்பதால், முழுப் படியும் முடியும்வரை அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஊரில் கோயில் கொடைவிழா வந்தாலும், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டாலும், எழுத்து நிற்கத்தான் செய்யும். அதற்காக வருந்த வேண்டியதில்லை. அந்நாட்களில் கேட்ட பேச்சில் ஒரு வாக்கியத்தை மட்டும் சொல் நோட்டில் எழுதிவைக்கலாம். திரும்பி வந்த பின், விட்ட நாட்களின் பங்கையும் சேர்த்து ஒரே மூச்சில் எழுத முயன்றால் மறுபடியும் தடைபடும். கடைசிப் பத்தியை ஒரு முறை கையால் படியெடுத்துவிட்டு, அதைத் தொடர்ந்து அன்றைய 200 சொற்களை மட்டும் எழுத வேண்டும்.