எல்லை தாண்டிச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் திருவனந்தபுரம் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் யார் சிகிச்சைக்குப் போகிறார்கள் என்பது பார்த்தாலே தெரிந்துவிடும். கையில் துணிக்கடைப் பை, அதற்குள் மடங்கி நசுங்கிய ஸ்கேன் படம், அதன்மேல் தண்ணீர்ப் பாட்டில். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் பெரிய நோய் என்றால் இங்குள்ளவர்களில் பலர் இன்றும் திருவனந்தபுரத்துக்குத்தான் புறப்படுகிறார்கள். அங்கே மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அம்மாவின் சிகிச்சைக்காக அந்த வழியில் நெடுங்காலம் போய்வந்தவன் நான். அதனால் ஊரில் யாருக்காவது நோய் தெரிந்தால் துணைக்கு அழைக்கிறார்கள். நாங்கள் பட்ட அதே பாட்டை அவர்களும் முதலிலிருந்து படுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கோப்பு வாங்குங்கள், தேதிவாரியாக அடுக்குங்கள் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பிளாக்கை ஆய்வகத்திலேயே விட்டுவிடுவது

இன்றும் எனக்கு ஆத்திரம் மூட்டும் தவறு இதுதான்.

பயாப்சிக்கு எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதிக்கிறார்கள். அந்த மெழுகுக் கட்டிதான் பிளாக். அதிலிருந்து மிக மெல்லிய சீவல்களை எடுத்துச் சாயமேற்றிக் கண்ணாடியில் ஒட்டினால் அது ஸ்லைடு. நம் கையில் தருவது ரிப்போர்ட் என்ற காகிதம் மட்டுமே. சதை ஆய்வக அலமாரியில் இருக்கிறது. பெரிய மருத்துவமனையில் அந்தக் காகிதத்தை மட்டும் வைத்துப் பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதில்லை. அவர்களுடைய நோய்க்குறியியல் மருத்துவர் தம் கண்ணால் பார்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய் என்றால் ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமும் இருக்கின்றனவா என்ற சோதனைகளை அந்தச் சதையில்தான் செய்வார்கள். எந்த மருந்து என்பதே அந்த முடிவைப் பொறுத்தது.

அருமனைப் பக்கத்து அக்கா ஒருவருக்கு மார்பில் கட்டி. இங்கேயே சதைப் பரிசோதனை முடித்து, ரிப்போர்ட்டோடு திருவனந்தபுரம் போனார்கள். "ஸ்லைடும் பிளாக்கும் எங்கே?" என்று கேட்டதும் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணா, எல்லாம்தான் இதில் எழுதியிருக்கிறதே?" அக்காவை விடுதியில் விட்டுவிட்டு அவன் ஊருக்கு ஓடினான். சனிக்கிழமை மாலை ஆய்வகத்தில் பழைய பிளாக்குகளைப் பார்ப்பவர் இல்லை. திங்களன்று போனால் நோயாளி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதத்தோடு வந்து, பிளாக்கை வாங்கித் திரும்பும் நாளில் கேரளத்தில் ஹர்த்தால். சிகிச்சைக்குப் போக வேண்டிய நாட்கள் ஓடின, விடுதி வாடகையும் ஏறியது. பயாப்சி செய்த அன்றே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனையும் இல்லை. ஏன் சொல்வதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆகவே, ரிப்போர்ட் வாங்கும் அன்றே நோயாளியிடம் கையெழுத்து வாங்கிய கடிதத்தோடு போங்கள். பிளாக் கட்டைவிரல் அகலத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் கூட்டில் இருக்கும், அதன் சரிந்த விளிம்பில் ஓர் எண் எழுதியிருக்கும். அந்த எண்ணும் ரிப்போர்ட்டிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஸ்லைடுகளை அதற்கான பிளாஸ்டிக் பெட்டியில் வாங்குங்கள், காகிதத்தில் சுற்றினால் உடையும். மெழுகு என்பதால் வெயிலில் நிறுத்திய காரில் வைக்கக் கூடாது. மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது ரசீது கேளுங்கள். பார்த்து முடித்ததும் திரும்பக் கேட்டு வாங்குங்கள்; பின்னாளில் மறுபடியும் தேவைப்படலாம்.

மருந்தின் கடைப்பெயரை மட்டும் எழுதிவைப்பது

மார்த்தாண்டத்துக் கடையில் ஒரு பெயர், திருவனந்தபுரத்துக் கடையில் வேறு பெயர், உள்ளே இருப்பது ஒரே மருந்து. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினை இரண்டு பெயர்களில் விழுங்கிக்கொண்டிருந்த பெரியவரை எனக்குத் தெரியும். கால் வீங்கியதைப் புற்றுநோய் பரவியதாக எண்ணி வீடே அழுதது. மாத்திரை அட்டையில் சிறிய எழுத்தில் மூலப்பெயர் இருக்கும். அதையும் மில்லிகிராம் அளவையும் ஒரே தாளில் எழுதி, எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். நிறுத்திய மருந்தை அழித்துவிடாமல், நிறுத்திய தேதியை அருகில் எழுதுங்கள்.

ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு பெயர்

இங்கே இனிஷியல் முன்னால் வரும், அங்கே பின்னால் எழுதுவார்கள். ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை, மருத்துவமனைப் பதிவு மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். முதல் நாள் பதிவு மேசையிலேயே திருத்தச் சொல்லுங்கள்.

மருத்துவக் காகிதங்களை லேமினேட் செய்வது

வேண்டாம். முத்திரை வைக்க முடியாது. ஈ.சி.ஜி. போன்ற வெப்பத் தாளாக இருந்தால் சூட்டில் கறுத்தே போய்விடும்.

எல்லாம் ஒருவருக்கே தெரிந்திருப்பது

துணைக்கு வருபவருக்கும் ஒருநாள் காய்ச்சல் வரும். கோப்பு எங்கே, அடுத்த தேதி எப்போது என்பதை இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.

காய்ச்சலுக்கு விடியும்வரை காத்திருப்பது

கீமோ என்ற புற்றுநோய் மருந்துச் சிகிச்சை எடுப்பவருக்கு வெள்ளை அணுக்கள் குறையும் நாட்களில் காய்ச்சல் என்பது அவசர நிலை. கோப்பின் அட்டையில் பெரிதாக எழுதுங்கள்: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். அதைத் தொட்டால் நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். அந்த நேரத்தில் திருவனந்தபுரம்வரை போக முடியாமல் போகலாம். ஆகவே எல்லைக்கு இந்தப் பக்கம் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று முதல் கீமோவின்போதே மருத்துவரிடம் கேட்டு, அதன் தொலைபேசி எண்ணையும் கடைசி கீமோ தேதியையும் அதே அட்டையில் எழுதுங்கள்.